தார், ஜிம்னி வாங்கப் போறீங்களா? மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா... காடு மேட்டில் எது கைகொடுக்கும்?

சனிக்கிழமை மாலை. ஓ.எம்.ஆர். பக்கம் ஏதாவது ஒரு கார் ஷோரூமில் நுழைந்தால் இந்த வாக்குவாதம் காதில் விழும். அட்வான்ஸ் கட்ட வந்திருக்கும் முப்பது வயது இளைஞருக்கு ஆட்டோமேட்டிக் வேண்டும். துணைக்கு வந்திருக்கும் தாய்மாமாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

"ஜீப்பு மாதிரி வண்டியை வாங்கிட்டு கியர் போடாம ஓட்டுறதுக்கு, பேசாம ஸ்கூட்டி வாங்கிக்கலாமே மாப்ள!"

"மாமா, தினமும் பெருங்குடி டிராஃபிக்ல கிளட்ச் மிதிக்கப் போறது நான்தானே... நீங்களா?"

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால், மாமா பேசுவது கெத்தைப் பற்றி. மருமகன் பேசுவது சிக்னலில் நிற்பதைப் பற்றி. இந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த இடத்தில், அதாவது கல்லும் சேறும் செங்குத்துச் சரிவுமாக இருக்கும் பாதையில் இரண்டும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை. ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஆட்டோமேட்டிக் எடுப்பதா, வேண்டாமா என்பதை அங்கிருந்துதான் பார்க்க வேண்டும். பணம் மட்டுமல்ல, சில இடங்களில் உயிரும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தக் குழப்பமே கிடையாது. ஜிப்ஸி என்றால் மேனுவல். பழைய தார் என்றாலும் மேனுவல்தான். 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை தாரில்தான் முதன்முறையாக ஆட்டோமேட்டிக் கிடைத்தது. 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு ஜிம்னியிலும், 2024 ஆகஸ்ட்டில் வந்த தார் ராக்ஸிலும் இரண்டுமே உண்டு. ஃபோர்ஸ் கூர்கா மட்டும் இன்னும் மேனுவலோடு நிற்கிறது. வெளிநாட்டிலும் காற்று அதே பக்கம்தான் அடிக்கிறது. 2016-ல் உற்பத்தி நின்ற பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரை உலகம் மேனுவல் வண்டியாகத்தான் அறியும். புதிய டிஃபெண்டரில் மேனுவல் என்ற பேச்சே இல்லை.

கியருக்கு முன்னால் பார்க்க வேண்டியது

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன், வாங்கப்போகும் வேரியன்ட்டில் ஃபோர் பை ஃபோர் இருக்கிறதா, அதில் 'லோ ரேஞ்ச்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2023-ல் வந்த பின்சக்கர இயக்கத் தாரில் அது இல்லை. தார் ராக்ஸின் பெட்ரோல் வண்டிகளுக்கும் பின்சக்கர இயக்கம் மட்டும்தான். தோற்றம் அதே முரட்டுத்தனம்தான். ஆனால் சேற்றில் ஒரு பின்சக்கரம் சுழல ஆரம்பித்தால், முன்சக்கரம் இழுத்துக் காப்பாற்றாது. அப்படிப்பட்ட வண்டியில் எந்த கியர்பாக்ஸ் இருந்தாலும் காட்டுப்பாதையைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் கிடையாது.

லோ ரேஞ்ச் என்பது டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இரண்டாவது பல்சக்கரப் பெட்டியின் வேலை. எஞ்சின் பல சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுதான் சுற்றும். வேகம் குறையும், இழுவை கூடும். எவ்வளவு குறைகிறது என்பதைப் பெருக்கிப் பார்க்கலாம். மேனுவல் ஜிம்னியில் முதல் கியர் சுமார் 4.4, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2, அச்சில் இருக்கும் பல்சக்கரம் சுமார் 4.1. மூன்றையும் பெருக்கினால் 36. எஞ்சின் 36 சுற்று சுற்றினால் டயர் ஒரு முறை உருளும். ஆக்ஸிலரேட்டரில் காலே வைக்காமல், எஞ்சின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 700 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், வண்டி மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். கையைப் பிடித்து நடக்கும் குழந்தையின் வேகம்!

அதே ஜிம்னியின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் இந்தப் பெருக்கல் கணக்கு சுமார் 25 தான் வரும். காகிதத்தில் மேனுவல் ஜெயித்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று மாமா மீசையை முறுக்கலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

கிளட்ச் கருகும் வாசனை

மேனுவல் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருப்பது ஒரு உராய்வுத் தட்டு. பெடலை முழுசாக விட்டால் தட்டு இறுகப் பிடித்துக்கொள்ளும். முழுசாக மிதித்தால் தொடர்பு அறுந்துவிடும். பிரச்னை இரண்டுக்கும் நடுவில்தான். 'ஹாஃப் கிளட்ச்' என்று சொல்கிறோமே, அந்த நிலையில் தட்டு வழுக்கிக்கொண்டே உராய்கிறது. ஃபிளாட்டுக்குள் வண்டியைத் திருப்ப ஓரிரு நொடி அப்படி வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு பாறைமேல் டயரை ஏற்றுவதற்காக ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்தால் கருகல் வாசனை வரும். தொடர்ந்து அதையே செய்தால் தட்டு தேய்ந்து, எஞ்சின் அலறியும் வண்டி நகராத நிலை வரும். அதுவும் மெக்கானிக் வர முடியாத இடத்தில்.

கொழுக்குமலைக்குப் போனவர்கள் இதை நேரில் பார்த்திருப்பார்கள். இடுக்கி மாவட்டம் சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக்குச் சொந்தமான அந்தத் தேயிலைத் தோட்ட உச்சிக்குப் பாதை என்று ஒன்று இருப்பதாகவே சொல்ல முடியாது. எல்லாம் உருளும் கற்கள். சூரிய உதயம் பார்க்கப் போகும் பயணிகளை ஏற்றிக்கொண்டு அதிகாலை இருட்டில் உள்ளூர் ஜீப்புகள் ஏறுகின்றன. அந்த ஓட்டுநர்களின் இடது காலைக் கவனித்தால் விஷயம் புரியும். லோ ரேஞ்சில் கியரைப் போட்டுவிட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். மிச்சத்தை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். பயத்தில் அடிக்கொரு முறை கிளட்ச்சை மிதிப்பது புதியவர்களின் பழக்கம். மேனுவலில் காட்டுப்பாதை ஓட்டுவது என்றால் முக்கால்வாசி, கிளட்ச்சைத் தொடாமல் இருக்கக் கற்பதுதான். அது ஒரு வார இறுதியில் வந்துவிடாது.

ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தட்டுக்குப் பதிலாக இருப்பது டார்க் கன்வெர்ட்டர். எண்ணெய் நிரப்பிய ஒரு உருளைக்குள் எதிரெதிராக இரண்டு விசிறிகள் என்று கற்பனை செய்துகொள்ளலாம். எஞ்சினோடு சேர்ந்த விசிறி எண்ணெயைச் சுழற்றுகிறது. அந்த எண்ணெய் மற்ற விசிறியைத் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது பாகம் எண்ணெயின் போக்கைத் திருப்பிவிடுவதால், வண்டி நிற்கும் நிலையிலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை கூடிப் போய்ச் சேர்கிறது. காகிதத்தில் 25 என்று இளைத்துத் தெரிந்த ஆட்டோமேட்டிக், ஏற்றத்தில் 36-ஐ எட்டிப்பிடிப்பது இப்படித்தான்.

இதைவிடப் பெரிய லாபம், எஞ்சின் ஆஃப் ஆகாது என்பது. பாறையில் முட்டி டயர் நின்றாலும் எண்ணெய் வழுக்கிக்கொடுக்கும். ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்த அழுத்த இழுவை கூடிக்கொண்டே வரும், டயர் பதறாமல் ஏறும். இடது காலை பிரேக்கிலும் வலது காலை ஆக்ஸிலரேட்டரிலும் வைத்து ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு அங்குலம் அங்குலமாக வண்டியை இறக்கலாம். மூன்று பெடல், இரண்டு கால் உள்ள மேனுவலில் இது சர்க்கஸ். (இரண்டு கால் வித்தையை நகரச் சாலையில் யாரும் முயற்சிக்க வேண்டாம். கிளட்ச் மிதித்துப் பழகிய இடது கால், பிரேக்கையும் அதே வேகத்தில் மிதித்து, பின்னால் வருபவர் வந்து இடித்துவிடுவார்.)

ஆக, ஏறுவதைப் பொறுத்தவரை, அதிலும் புதிதாகப் பழகுபவருக்கு, ஆட்டோமேட்டிக் ஒரு படி மேல். கை கால்களின் கவலை குறைந்து கண் பாதையில் இருக்கும்.

இறங்கும்போதுதான் சோதனை

ஏறிய வண்டி இறங்கியாக வேண்டுமே! மாமாவின் கட்சி பலமாக நிற்கும் இடம் இது.

மேனுவலில் லோ ரேஞ்ச், முதல் கியர் போட்டு, கிளட்ச்சிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துவிட்டால், எஞ்சின் வண்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல நிறுத்தி நிறுத்தி இறக்கும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்புத் தொடர்பு, வழுக்கல் இல்லை. ஈரமான களிமண் சரிவில் பிரேக்கை மிதித்தால் டயர் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். எஞ்சின் பிடித்து இறக்கினால் டயர் உருண்டுகொண்டே இருக்கும், ஸ்டீயரிங் பேச்சைக் கேட்கும். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய்த் தொடர்பு என்பதால் இந்தப் பிடி கொஞ்சம் இளகலாகவே இருக்கும். அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் 'ஹில் டிசென்ட் கன்ட்ரோல்' என்ற வசதி. ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் கணினியே விட்டு விட்டுப் பிடித்து வண்டியை இறக்கும். ஜிம்னியில் இது இருக்கிறது. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது உழைப்பது பிரேக்கை வைத்துத்தான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும் என்பதை மறக்கக் கூடாது.

காட்டுப்பாதை போகாதவர்களுக்கும் இந்த விஷயம் முக்கியம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் 'டி'-யில் போட்டபடியே இறங்கும் ஆட்டோமேட்டிக் வண்டி, வேகம் கூடக் கூடத் தானாகவே மேல் கியருக்குப் போய்விடும். எஞ்சின் பிடி போய்விடும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பேடும் டிஸ்க்கும் கொதித்து, பிரேக் ஆயிலும் சூடேறினால், ஒரு கட்டத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 வளைவுகள். பாதை பழக்கமில்லாத வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு போட்டதற்குக் காரணம், அங்கே நடந்த விபத்துகள்தான்.

ஆட்டோமேட்டிக்கில் இதற்குத் தீர்வு லீவரிலேயே இருக்கிறது. ஜிம்னியில் 'டி'-க்குக் கீழே '2', 'எல்' என்று இரண்டு இடங்கள் உண்டு. தாரில் லீவரை மேனுவல் மோடுக்குத் தள்ளி, கியரை நாமே பிடித்து வைக்கலாம். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்லும் கணக்கு இங்கேயும் செல்லும். வருத்தம் என்னவென்றால், டெலிவரி எடுக்கும் நாளில் டச் ஸ்கிரீனை அரை மணி நேரம் விளக்குபவர்கள், 'எல்' எதற்கு என்று பெரும்பாலும் அரை நிமிடம்கூடச் சொல்வதில்லை.

பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால்?

ஆஃப் ரோடில் அதிகம் பயப்பட வேண்டிய தருணம் இது. செங்குத்தான ஏற்றத்தில் முக்கால்வாசி போய், டயர் பிடிமானம் இழந்து வண்டி நின்றுவிடுகிறது. பின்னால் பள்ளம். இந்த நேரத்தில் செய்யும் இரண்டு தவறுகள்தான் வண்டியை உருட்டிவிடும். ஒன்று, நியூட்ரலில் போட்டுப் பின்னால் உருள விடுவது. இன்னொன்று, சரிவிலேயே வண்டியைக் குறுக்கே திருப்பப் பார்ப்பது.

செய்ய வேண்டியது, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் கியரில், எஞ்சின் பிடியோடு நேராக இறங்குவது. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, 'ஆர்'-க்கு மாற்றி, மெல்லத் தளர்த்தினால் போதும். மேனுவலில் எஞ்சின் ஆஃப் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் பவர் உதவியும் ஒன்றிரண்டு மிதியில் தீர்ந்துவிடும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து, கிளட்ச் மிதித்து ரிவர்ஸ் போட்டு, ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை விட விட பிரேக்கைத் தளர்த்த வேண்டும். கிளட்ச் மிதித்தபடி உருண்டால் எஞ்சின் பிடி சுத்தமாக இருக்காது. 'ஹில் ஹோல்ட்' இருக்கிறதே என்றால், அது ஓரிரு நொடி மட்டுமே தாங்கும். எழுதிப் படிக்கவே இத்தனை படிகள். கை நடுங்கும் நேரத்தில் ஒன்று விட்டுப்போனால்? அனுபவம் இல்லாதவருக்கு ஆட்டோமேட்டிக் பாதுகாப்பானது என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

மணலும் தண்ணீரும்

மணலில் வேகம் விட்டுப்போகக் கூடாது. மேனுவலில் கியர் மாற்றக் கிளட்ச்சை மிதிக்கும் அந்த அரை நொடியில் மணல் வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். ஆட்டோமேட்டிக்கில் இழுவை அறுபடாது. ஆனால் நீண்ட நேரம் மணலில் உழன்றால் கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடி ஆற வைப்பதுதான் வழி. எந்த கியர்பாக்ஸ் என்றாலும் முதலில் டயரில் காற்றைக் குறைக்கணும். அது இல்லாமல் மற்ற எதுவும் உதவாது.

தண்ணீரில் மேனுவல்காரர்களுக்கு ஒரே விதி: இறங்கும் முன் கியரைப் போடு, கரையேறும்வரை கிளட்ச்சைத் தொடாதே. நடுவில் மிதித்தால் தட்டுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து பிடி வழுக்கலாம். தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தாங்கும் என்கிறது தயாரிப்பு நிறுவனம். அது தேங்கி நிற்கும் நீருக்கான அளவு என்று எடுத்துக்கொள்வது நல்லது. இழுத்து ஓடும் வெள்ளத்துக்கு அல்ல. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால், ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் குடித்த எஞ்சினுக்கு மேனுவல், ஆட்டோமேட்டிக் என்ற பேதமெல்லாம் தெரியாது.

ஆள் இல்லாத இடத்தில் மக்கர் செய்தால்

பேட்டரி இறங்கினால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்பது உண்மை. இன்றைய கணினி வண்டிகளில் அதற்கும் பேட்டரியில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் அந்த வழியே இல்லை. ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டரை டிக்கியில் போட்டு வைத்தால் கவலை தீர்ந்தது. கட்டி இழுப்பதிலும் ஆட்டோமேட்டிக் கொஞ்சம் நாசூக்கு பார்க்கும். வண்டியோடு வரும் கையேட்டில் சொன்ன முறையை விட்டு, சக்கரம் தரையில் உருள இழுத்துக்கொண்டு போனால் கியர்பாக்ஸ் பாழாகும்.

பழுது என்று வந்தால்தான் பெரிய வித்தியாசம். கிளட்ச் தட்டு மாற்றத் தெரிந்த மெக்கானிக் தேனியிலும் கிடைப்பார், லடாக்கிலும் கிடைப்பார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் கோளாறு என்றால் லாரியில் ஏற்றிப் பெரிய ஊருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அது அடிக்கடி நடப்பதில்லை. கிளட்ச் தேய்வதோ சாதாரணம். எது தேவலை என்பது, வண்டி எவ்வளவு தூரம் தனியாகப் போகப்போகிறது என்பதைப் பொறுத்தது.

மைலேஜ் பயம் மட்டும் பழங்கதை. ஜிம்னிக்கு அறிவிக்கப்பட்ட அளவு மேனுவலில் லிட்டருக்கு 16.94 கி.மீ., ஆட்டோமேட்டிக்கில் 16.39 கி.மீ. அரை கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல

2014-ல் செலேரியோ மூலம் பிரபலமான ஏ.எம்.டி. என்பது உள்ளுக்குள் மேனுவல் கியர்பாக்ஸ்தான். காலுக்குப் பதில் ஒரு கருவி கிளட்ச்சை மிதிக்கிறது. அவ்வளவே. மேலே சொன்ன வழுக்கலும் கருகலும் அதற்கும் உண்டு. டூயல் கிளட்ச் வகையும் ஊர்ந்து போகும்போது சூடாகும். காட்டுப்பாதைக்கு ஆட்டோமேட்டிக் என்று இங்கே சொல்வது டார்க் கன்வெர்ட்டர் வகையை மட்டுமே. தார், ஜிம்னி, ஃபார்ச்சூனர் மூன்றிலும் இருப்பது அதுதான். ஃபார்ச்சூனர் டீசலில் இன்னொரு சுவாரஸ்யம்: அதே எஞ்சின் மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும், ஆட்டோமேட்டிக்கில் 500-ம் தருகிறது. ஆட்டோமேட்டிக் வாங்கினால் பலம் குறையும் என்ற பழைய எண்ணத்துக்கு நேர் எதிர்!

அப்போ யாருக்கு எது?

வாரம் ஐந்து நாள் நகரத்தில் ஆபீஸ், மாதம் ஒரு முறை ஏற்காடோ வால்பாறையோ, வருஷத்துக்கு ஓரிரு முறை பயிற்சித் தடத்தில் சேறு. வீட்டில் இன்னொருவரும் அதே வண்டியை ஓட்டுவார். இவர்களுக்குக் கூடுதல் பணம் கொடுத்தாவது லோ ரேஞ்சோடு ஆட்டோமேட்டிக்தான் சரி. ஷோரூமில் வந்த மருமகன் இந்த வகை. மாமாவை எப்படிச் சமாதானம் செய்வது என்பது அவர் பாடு.

தோட்டம், எஸ்டேட் என்று தினமும் மண் பாதையில் ஓடுபவர்கள், ஸ்பிட்டி, லடாக் என்று வாரக்கணக்கில் தனி வண்டியாகப் போகிறவர்கள், கிளட்ச்சில் ஏற்கெனவே கால் பழகியவர்கள், பட்ஜெட் இடிக்கிறவர்கள்... இவர்கள் மேனுவல் எடுத்துவிட்டு, மிச்சமாகும் பணத்தில் நல்ல டயரும் மீட்புக் கயிறும் வாங்கலாம். இரண்டு அச்சிலும் டிஃபரென்ஷியல் லாக் வேண்டும் என்றால் கூர்கா இருக்கிறது, அங்கே தேர்வுக்கே இடமில்லை. எதை வாங்கினாலும், அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் வண்டியை விட்டால் வனத்துறை வழக்குதான்.

டெஸ்ட் டிரைவ் என்ற பெயரில் சர்வீஸ் ரோட்டில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வருவதில் பிரயோஜனம் இல்லை. ஒரு ஏற்றத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவாக இருந்தாலும் போதும். சரிவின் நடுவில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்பிப் பார்க்க வேண்டும். மேனுவல் என்றால் அதையே ஐந்து முறை. பிறகு ஃபோர் பை ஃபோர் லோ போட்டு, முதல் கியரில் அல்லது 'எல்'-இல், பிரேக்கைத் தொடாமல் அதே சரிவில் இறங்கிப் பார்க்க வேண்டும். கூட வரும் விற்பனைப் பிரதிநிதிக்கு லோ ரேஞ்ச் போடத் தெரியவில்லை என்றால், கையேட்டை வாங்கி அங்கேயே படித்துவிட்டுப் போடலாம். அதை எப்படியும் ஒருநாள் படித்துத்தான் ஆகணும்.